ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒரு ரப்பர்

ஆறாவது தேர்வில் கிடைத்த லைசென்ஸ்,
மூன்று கை மாறி வந்த நிஸான்.
ஏசி நன்றாக இருக்கிறது,
மற்றதைப் பற்றிக் கேட்காதீர்கள்.
ஷார்ஜாவிலிருந்து தேராவுக்கு
முதன்முதலாகத் தனியாகப் புறப்பட்டேன்.
டோல் வளைவின் அடியில்
சத்தமில்லாமல் காசு போனது.

வாங்க வேண்டியது ஒரே ஒரு ரப்பர்.
நாலு நாளாய் விசில் வராமல்
மூடியோரம் கஞ்சி வடிகிறது.
எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில்
குக்கர் இருக்கிறது, ரப்பர் இல்லை.
"நாயிஃப்ல குஜராத்திக்காரர் கடைல கிடைக்கும்"
என்றாள் கூட வேலைபார்க்கும் ஜெசிந்தா,
"வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிராத."
பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றிலேயே கடை தெரிந்துவிட்டது.
கண்ணாடிக்குப் பின்னால்
கருப்பும் வெள்ளையுமாய்
எல்லா அளவிலும் தொங்கின வளையங்கள்.
பத்தடி தூரம்.
பின்னால் ஹார்ன்.
இரண்டாம் சுற்றில் கடைக்காரர் என்னைப் பார்த்தார்,
நான்காம் சுற்றில் தலையசைத்தார்
ஏதோ தூரத்துச் சொந்தம்போல.

கல்யாண வீட்டில்
சாப்பிடுகிறவர் நாற்காலியைப் பிடித்தபடி
எப்போது இலையை மடிப்பார் என்று
பின்னால் நிற்போமே,
அப்படி நின்றேன்
ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னால்.
அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.
இண்டிகேட்டர் போட்டேன்.
டிக் டிக் டிக்.
போகவில்லை.
பக்கத்தில் நகர்ந்து கண்ணாடியை இறக்கினேன்.

ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்த போன்,
அதில் ஒரு குழந்தையின் நெற்றி மட்டும்.
அந்த நெற்றிக்கு அவர்
தெலுங்கில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும்
ஐந்து விரல் நுனியையும் குவித்துக் காட்டினார்.
இந்த ஊர் எல்லோருக்கும்
பேச்சுக்கு முன்பே கற்றுத்தரும் சொல்: பொறு.

எட்டுப் பேர் படுக்கும் அறையாக இருக்கும்.
மேல் கட்டிலோ கீழ் கட்டிலோ.
கதவைச் சாத்திக்கொண்டு பேச
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த
இந்த நான்கு கோடுகள்.

இண்டிகேட்டரை அணைத்தேன்.
அதற்கப்புறமும் மூன்று சுற்று சுற்றினேன் என்பதை
ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

வந்த வழியே திரும்பி
ஷார்ஜா எல்லைப் பக்கம்,
மெட்ரோவின் கடைசி ஸ்டேஷன்.
அடுக்கு மாடிப் பார்க்கிங்கில்
மாடி மாடியாய்க் காலி இடம்.
குறுக்காக நிறுத்தினாலும் கேட்பாரில்லை.
தூணைப் படம் பிடித்துக்கொண்டேன்:
மூன்றாம் தளம், பச்சை, நாற்பத்தொன்று.
கார்டைத் தட்டி உள்ளே போனால்
நான் ஒரு மணிநேரம் ஊர்ந்த தூரத்தை
உட்கார இடமில்லாத ரயில்
ஒன்றுமே நடக்காததுபோல் கடந்தது.

"காடி கஹா(ங்)?" என்றார் கடைக்காரர்.
கையால் ரயில்போல் காட்டினேன்.
சிரிக்கவில்லை அவர். நல்ல மனிதர்.
ரப்பரை இழுத்து, விட்டு, அளந்து
"பன்னிரண்டு" என்றார்.
பைக்குத் தனிக்காசு.
வளையலாய் முழங்கை வரை ஏற்றிக்கொண்டேன்.
திரும்பும்போது அந்த இடத்தில்
வேறொரு கார் நின்றது.
அதுவும் வெள்ளை.

பெண்கள் பெட்டி, முன்பக்கக் கண்ணாடி.
ஓட்டுநர் இல்லாத வண்டி என்று
இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது,
அந்தப் பையனுக்குப் பழகவில்லை.
நான்கு வயதிருக்கும்.
காலி முனையைப் பார்த்தான்,
என் கையைப் பார்த்தான்.
கழற்றிக் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
கண்ணாடியோடு ஒட்டி நின்றான்.
சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறியபோது
கண்ணைச் சுருக்கினான், ஸ்டியரிங்கை விடவில்லை.
வளைவு வந்தால் வளைத்தான்.
ஸ்டேஷன் வந்தால் வாயால் பிரேக் போட்டான்.
அவன் அம்மா அரபியில் மன்னிப்புக் கேட்டாள்.
பரவாயில்லை என்று சொல்லத் தெரியாமல்
ஐந்து விரலையும் குவித்துக் காட்டினேன்.

கடைசி ஸ்டேஷன்.
எல்லோரும் இறங்கினார்கள்.
அவன் மட்டும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து,
கொஞ்சம் பின்னால் எடுத்து,
நேராக்கி,
நிறுத்தினான்.

ஒரே தடவையில்.